நெருப்பில்லாமலும் புகையும்

அகம் என்றும் புறம் என்றும் வாழ்வை இரு கூறாக்கிக் கண்டவர் பண்டைத் தமிழர். அப்பாகுபாட்டில் நுட்பமானதொரு விதி உண்டு. அகப்பாட்டில் காதலரின் பெயரைச் சுட்டலாகாது. இன்னாருடைய காதல் என்று பெயர் சுட்டிவிட்டால் அப்பாட்டு அகமாக நில்லாது, புறத்திற்குச் சென்றுவிடும். தேர்வுக்காக நெட்டுருப் போட்டு, தேர்வு முடிந்த மறுநாளே நாம் மறந்துவிடும் இவ்விதியில் உலகியல் உண்மை ஒன்று பொதிந்து கிடக்கிறது. பெயரறியாத இருவர் காதலித்தால் அது அவர்தம் நெஞ்சோடும் வீட்டோடும் நின்றுவிடும். ஊரறிந்த இருவர் காதலித்தாலோ, அது ஊரார் வழக்காகி, நாட்டார் வழக்காகி, சில வேளைகளில் நாடுகளுக்கிடையே எழும் வழக்காகவும் ஆகிவிடுகிறது.

அவ்வாறு ஆகும்போது எழுகின்ற பேச்சு ஒன்று நம் காலத்தில் பெருகி வருகிறது. இரு வேறு நாடுகளைச் சேர்ந்த புகழ்பெற்ற இருவர், அரச குடும்பத்தவராயினும் ஆகுக, நடிகராயினும் ஆகுக, விளையாட்டு வீரராயினும் ஆகுக, மணம் செய்துகொண்டால் போதும். "இது காதலன்று, வல்லரசுகள் திரைமறைவில் இருந்து ஆட்டி வைக்கும் பொம்மலாட்டம்" என்று சிலர் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். விடுதி அறையிலும், பாளையத்துச் சாயாக்கடையிலும், சாலைக் கடைத்தெருவிலும் இத்தீர்ப்பு ஒலிக்கிறது. சான்று எங்கே என்று கேட்டால், "நெருப்பில்லாமல் புகையுமா?" என்ற பழமொழியே சான்றாக நீட்டப்படுகிறது. அப்பழமொழியைச் சற்று உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஏனெனில், நெருப்பேயின்றிப் புகை மூட்டி, அப்புகையில் மனிதரை மூச்சுத் திணற வைத்த வரலாறு வேறெங்குமன்று, இத்திருவனந்தபுரத்திலேயே நிகழ்ந்திருக்கிறது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மணவினையை அரசியலுக்குப் பயன்படுத்தும் வழக்கம் புதியதன்று. நமக்கு அயலானதும் அன்று. வேந்தன் பெண் கேட்டு, பெண்ணைப் பெற்றவன் மறுத்து, அதனால் போர் மூளும் செய்தியை மகட்பாற்காஞ்சி என்று ஒரு துறையாகவே வகுத்து வைத்திருக்கிறோம். முதலாம் இராசராசன் தன் மகள் குந்தவையை வேங்கி நாட்டு விமலாதித்தனுக்கு மணம் முடித்தான். வேங்கியோ சோழரும் மேலைச் சாளுக்கியரும் மாறி மாறிக் கண் வைத்திருந்த நாடு. அவ்வுறவின் வழியில் வந்த முதலாம் குலோத்துங்கன் 1070ஆம் ஆண்டில் சோழர் அரியணையிலேயே ஏறி அமர்ந்தான். ஒரு மணம் ஒரு படையெடுப்பின் பயனைத் தந்தது எனலாம்.

நாம் வாழும் இந்நகரை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர்கள் இதற்கு நேர்மாறான வழியை மேற்கொண்டனர். அவர்களுடையது மருமக்கள் தாயம். அரசுரிமை உடன்பிறந்தாளின் மகனுக்கே உரியது. மன்னரின் துணைவி அம்மச்சி எனப்பட்டாரேயன்றி அரசி ஆகவில்லை. அவர் பெற்ற ஆண்மக்கள் தம்பி என்ற பட்டத்தோடு நின்றனர். மன்னரின் நெஞ்சம் எங்கே சென்றாலும் அரியணை அதன் பின்னே செல்லாதவாறு கட்டப்பட்ட அணை அது. அவ்வணையை உடைக்க முயன்றோரும் உண்டு. 1729இல் மார்த்தாண்ட வர்மர் பட்டத்துக்கு வந்தபோது, முன்னிருந்த மன்னரின் மக்களாகிய தம்பிமார் உரிமை கோரிப் போராடி மாண்டனர். சி. வி. இராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மார்த்தாண்ட வர்மா' என்ற புதினத்தின் பின்னணி அப்போராட்டமே.

சோழர் வழியாயினும் திருவிதாங்கூர் வழியாயினும், இரண்டிலும் மறைவு என்பது இல்லை. எல்லோரும் அறிய அரசு தன் கணக்கைப் போட்டது. இன்று நாம் கேட்கும் ஐயமோ வேறு வகையானது. காதலே ஒரு வேடம், உள்ளே இருப்பது ஒற்று என்பதே அது. அப்படி எந்த அரசும் செய்ததில்லையா? செய்திருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் ஒற்றுத் துறை, மார்க்குஸ் வொல்ஃப் என்பவரின் தலைமையில், இளைஞர்களைத் தேர்ந்து மேற்கு ஜெர்மனிக்கு அனுப்பியது. பான் நகரத்து அரசு அலுவலகங்களில் பணியாற்றிய தனித்து வாழும் பெண்களிடம் அவர்கள் காதல் பேசினர், கோப்புகளைக் கைப்பற்றினர். பின்னாளில் வொல்ஃபே இதைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஒற்றர்கள் தேடிச் சென்றது யாரை? திரைத் தாரகைகளையா? பட்டத்து இளவரசிகளையா? இல்லை. தட்டெழுத்துப் பொறியின் முன் அமர்ந்திருந்த, பெயர் தெரியாத செயலாளர்களை. ஒற்றுக்கு உயிர் மறைவு; புகழுக்கு உயிர் வெளிச்சம். நூறு நிழற்படக் கருவிகள் சூழ்ந்து நிற்கும் மணமேடையை ஒற்றுத் துறை தேர்ந்தெடுக்குமாயின், அதைப் போன்ற பேதைமை வேறில்லை.

"ஒற்றுக்கு வேண்டுமானால் மறைவு தேவை, பிரசாரத்துக்குப் புகழ்தானே தேவை?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. 1954இல் ராஜ்கபூரும் நர்கீஸும் நடித்த 'ஆவாரா' சோவியத் நாட்டில் திரையிடப்பட்டது. மாஸ்கோ மக்கள் அவ்விணையைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினர். இந்திய சோவியத் நட்பு மலர்ந்துவந்த காலம் அது. இரு அரசுகளும் அந்த வரவேற்பால் மகிழ்ந்தன, பயனும் பெற்றன. ஆயினும் திரையில் அவ்விணையைச் சேர்த்து வைத்தது பம்பாய்ப் படத்தொழில்; சேர்த்து வைத்த காரணம் நுழைவுச் சீட்டு விற்பனை. விதைத்தவர் வேறு, அறுவடையில் பங்கு கேட்டவர் வேறு. அரசுகளின் வழக்கம் பெரும்பாலும் இதுதான். அவை காதலை உண்டாக்குவதில்லை. உண்டான பின்னர் வந்து, தமக்கு உதவுமாயின் அணைத்துக் கொள்கின்றன. உதவாதாயின் மிதித்து விடுகின்றன.

மிதித்ததற்குச் சான்று தேடி ருஷியாவுக்கோ அமெரிக்காவுக்கோ போக வேண்டுவதில்லை. புதுக்கோட்டைக்குப் போனால் போதும். அச்சமஸ்தானத்தின் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், 1915ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் மெல்போர்ன் நகரில் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். மன்னர்க்கும் மாலிக்கும் இடையே இருந்தது விருப்பமேயன்றி வேறொன்றுமில்லை. ஆனால் ஆங்கில ஆட்சிக்கு அது பெருஞ்சிக்கலாகத் தோன்றியது. வெள்ளை நிறத்தவள் ஒருத்தி இந்திய மன்னனின் பட்டத்தரசியாவதா? அவள் வயிற்றுப் பிள்ளை தமிழ்ச் சமஸ்தானம் ஒன்றுக்கு வாரிசாவதா? மாலிக்கு அரசிக்குரிய பட்டம் மறுக்கப்பட்டது. 1916இல் பிறந்த மகன் வாரிசாக ஏற்கப்படவில்லை. புதுக்கோட்டையில் சில திங்களே தங்கிய அவ்விருவரும் மீண்டும் கடல் கடந்தனர். பின்னர் மன்னர் ஆட்சிப் பொறுப்பை விட்டுக்கொடுத்து, பிரான்சு நாட்டில் வாழ்ந்து, 1928இல் பாரிசில் காலமானார். பட்டம், ஆறு வயதுச் சிறுவராகிய இராசகோபாலத் தொண்டைமானுக்குச் சென்றது. இக்கதையில் நாடகம் ஆடியவர் யார்? காதலித்த இருவரா, அல்லது நிறத்தையும் வாரிசையும் கணக்கிட்டுக் கோப்பு எழுதிய அதிகாரிகளா?

புதுக்கோட்டையில் அரசு ஒரு காதலை வெறுத்தது. சிக்கிமில் ஒரு காதலின் மேல் பழி ஏற்றப்பட்டது. வல்லரசின் கருவி என்று இந்தியாவில் மிகுதியும் பேசப்பட்ட காதல் மணம் அதுவே. சிக்கிம் இளவரசர் பால்டன் தொண்டுப் நாம்கியால், மனைவியை இழந்தவர். அவர் 1959இல் டார்ஜிலிங்கில் ஹோப் குக் என்ற அமெரிக்க மாணவியைச் சந்தித்தார். 1963 மார்ச்சு 20ஆம் நாள் காங்டாக்கில் திருமணம் நடந்தது. அதே ஆண்டின் இறுதியில் தந்தை மறைய, இளவரசர் மன்னரானார். ஹோப் குக் அரசியானார். உலகப் பத்திரிகைகள் இதனை ஒரு தேவதைக் கதையாக எழுதின. இந்தியாவிலோ வேறு கதை எழுந்தது. அமெரிக்காவின் ஒற்றுத் துறைதான் அப்பெண்ணை அனுப்பி வைத்தது என்றனர்.

அப்படிப் பேசப்பட்டதற்குக் காரணமில்லாமல் இல்லை. சீனப் போர் முடிந்து நான்கு திங்களே ஆகியிருந்தன. சிக்கிமின் வடக்கெல்லைக்கு அப்பால் சீனப் படை நின்றது. 1966இல் அரசி, காங்டாக்கில் உள்ள திபெத்தியல் நிறுவனத்தின் இதழில், 1835இல் ஆங்கிலேயருக்கு டார்ஜிலிங் கொடுக்கப்பட்டது முற்றுரிமையோடு அன்று என்ற கருத்துப்பட ஒரு கட்டுரை எழுதினார். அது நெருப்பில் நெய் வார்த்தது போலாயிற்று. ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். நாடு பிடிக்க வந்த ஒற்றர், தம் கருத்தைக் கையெழுத்திட்டு ஆராய்ச்சி இதழில் அச்சிடுவாரோ? அவர் அமெரிக்காவின் கையாள் என்பதற்கு இன்றுவரை சான்று எதுவும் வெளிவரவில்லை.

சிக்கிமின் விதியை எழுதியவை வேறு. பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்து ஆகியவற்றை இந்தியாவிடம் ஒப்படைத்த 1950ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்று. மக்கள்தொகையில் பெரும்பான்மையினரான நேபாளியரின் வாக்கு வலிமையைக் குறைத்து வைத்த தேர்தல் முறை மற்றொன்று. அதனை எதிர்த்து 1973இல் கிளர்ச்சி மூண்டது. அவ்வாண்டிலேயே ஹோப் குக் குழந்தைகளுடன் நாட்டை விட்டு வெளியேறினார். 1975 ஏப்ரலில் இந்தியப் படை அரண்மனைக் காவலரின் கருவிகளைப் பறித்தது, வாக்கெடுப்பு நடந்தது, மே 16ஆம் நாள் சிக்கிம் இந்தியாவின் 22ஆவது மாநிலம் ஆயிற்று. அப்போது அந்த 'ஒற்றர்' அங்கே இல்லவே இல்லை. ஆயினும் அவ்விணைப்பு நேரியதா அன்றா என்று ஆராய வேண்டியவர்கள் பலர், அரசியின் பட்டுடையைப் பற்றியும் அவருடைய தாழ்ந்த குரலைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தனர். ஒப்பந்தத்தைப் படிப்பது கடினம். வதந்தியைப் படிப்பது எளிது.

இதற்கு மறுதலையான ஒரு வரலாறும் உண்டு. ஸ்டாலினின் மகள் ஸ்வெட்லானா, மாஸ்கோ மருத்துவமனையில் சந்தித்த பிரஜேஷ் சிங் என்ற இந்தியப் பொதுவுடைமையாளரைக் காதலித்தார். சோவியத் அரசு மணம் செய்துகொள்ள இசைவு தரவில்லை. 1966இல் சிங் இறந்தார். அவருடைய அத்தியைக் கங்கையில் கரைக்கவென்று இந்தியா வந்த ஸ்வெட்லானா, 1967 மார்ச்சு 6ஆம் நாள் புது தில்லியில் அமெரிக்கத் தூதரகத்தின் படியேறினார். மாஸ்கோ அதிர்ந்தது; வாஷிங்டன் திகைத்தது; தில்லி தருமசங்கடத்தில் ஆழ்ந்தது. மூன்று அரசுகளில் எதுவும் எழுதாத நாடகம் அது. ஒரு பெண்ணின் துயரம் மூன்று தலைநகரங்களின் கணக்கையும் குலைத்துவிட்டது. அரசுகள் எல்லாம் வல்லவை, எல்லாம் அறிந்தவை என்று நம்புவோர் இந்நிகழ்ச்சியை நினைவில் வைத்தல் நலம்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். டென்னிசு வீராங்கனை சானியா மிர்சா 2010இல் பாகிஸ்தான் கிரிக்கெட்டு வீரர் சோயிப் மாலிக்கை மணந்தார். சமாதானத் தூது என்று ஒரு சாரார் புகழ்ந்தனர். துரோகம் என்று மறு சாரார் வைதனர். 2014இல் தெலங்கானா மாநிலம் அவரைத் தன் விளம்பரத் தூதராக்கியபோது, அவர் பாகிஸ்தானின் மருமகள் என்று ஓர் அரசியல்வாதி குறை கூறினார். அதே ஆண்டில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் இந்தியாவுக்காகத் தங்கப் பதக்கம் வென்றார். பின்னர் அம்மணம் முறிந்தது. அது கூடியபோதும் காஷ்மீரச் சிக்கல் தீரவில்லை. முறிந்தபோதும் புதிதாக மூளவில்லை. தூதும் இல்லை, துரோகமும் இல்லை. இருவர் கூடினர், பிரிந்தனர், அவ்வளவே.

இக்கதைகள் அனைத்திலும் ஓர் ஒற்றுமையைக் காணலாம். பழி சென்று விழுந்த இடம் பெரும்பாலும் பெண். அவளும் பெரும்பாலும் அயல்நாட்டவள், அல்லது அயல்நாட்டானை மணந்தவள். ஆண் மயங்கியவனாம், பெண் மயக்கியவளாம். மாதவியைப் பழித்து, கோவலனுக்கு இரங்கிய ஊரார் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றனர்.

இப்போது நம் நகரத்துக்கு வருவோம். 1991இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம், கடுங்குளிர் எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் எந்திரத்தையும் அதன் நுட்பத்தையும் பெற, சோவியத் நிறுவனமாகிய கிளாவ்காஸ்மாசுடன் ஒப்பந்தம் செய்தது. திரவ ஹைடிரஜனைச் சுழிக்குக் கீழ் 253 பாகை செல்சியசில் வைத்துக் கையாள வேண்டிய அரிய நுட்பம் அது. அமெரிக்கா எதிர்த்தது. 1992 மே திங்களில் இரு நிறுவனங்களின் மீதும் தடை விதித்தது. 1993இல் ருஷியா பின்வாங்கியது. எந்திரங்களைத் தருவோம், நுட்பத்தைத் தாரோம் என்றது. உலக அரசியல் இவ்வளவு வெளிப்படையாகவே நடந்தது. ஒப்பந்தம், தடை, பின்வாங்கல் எல்லாம் அச்சில் உள்ளன.

1994 அக்டோபரில் இந்நகரில் மாலத்தீவைச் சேர்ந்த மரியம் ரஷீதா கைது செய்யப்பட்டார். அடுத்துப் பௌசியா ஹசன். தொடக்கத்தில் சொல்லப்பட்ட குற்றம், விசா காலத்தைக் கடந்து தங்கியது. சில வாரங்களில் அது வளர்ந்து விசுவரூபம் எடுத்தது. அழகியர் இருவர் விண்வெளி அறிவியலாளரை மயக்கி, ஏவூர்தி இரகசியங்களை அயல்நாட்டுக்குக் கடத்தினர் என்ற கதை நாள்தோறும் ஏடுகளில் தொடர்கதையாயிற்று. நவம்பர் 30ஆம் நாள் கிரையோஜெனிக் திட்டத்தின் தலைவர் நம்பி நாராயணன் கைதானார். நாகர்கோவிலில் 1941இல் பிறந்த தமிழர் அவர். ஐம்பது நாள் சிறை. விசாரணை என்ற பெயரில் கொடுமை. நம் நாட்டுக்கு அக்காலத்தில் இன்னும் கைவராத நுட்பத்தை அவர் விற்றுவிட்டதாகக் குற்றச்சாட்டு! இல்லாத பொருளை விற்க முடியுமா என்று கேட்பவர் ஊரில் மிகச் சிலரே இருந்தனர். மயக்கமும் படுக்கையறையும் கலந்த கதை அவ்வளவு இனிப்பாக இருந்தது போலும்.

முடிவு யாது? 1996இல் மத்தியப் புலனாய்வுத் துறை, குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கை அளித்தது. மீண்டும் விசாரிக்க மாநில அரசு முயன்றபோது, 1998இல் உச்சநீதிமன்றம் அதனைத் தள்ளியது. 2018 செப்டம்பர் 14ஆம் நாள் அதே நீதிமன்றம், கைது தேவையற்றது எனக் கூறி, நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. 2019இல் பத்மபூஷண் விருது வந்தது. 2020இல் கேரள அரசு மேலும் 1 கோடியே 30 லட்சம் ரூபாய் கொடுத்தது. தன் கிரையோஜெனிக் எந்திரத்தால் இந்தியா முதல் வெற்றி கண்டது 2014 சனவரியில். கைது நடந்து பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னர்! நடுவே வீணான காலத்துக்கு அவ்வழக்கு மட்டுமே காரணம் என்று கூறுவது மிகையாகலாம். ஆனால் ஒரு திட்டத்தின் தலைவரைச் சிறைக்கும் பழிக்கும் அனுப்பிவிட்டு, திட்டம் தழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அவ்விரு பெண்களோ ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தனர். அறிவியலாளர் பெற்ற விருதும் புகழுரையும் அவர்களை எட்டவில்லை. பின்னாளில் மாலத்தீவுத் திரைப்படங்களில் நடித்து வந்த பௌசியா ஹசன் 2022இல் காலமானார். கதை எழுதிய ஏடுகளில் எத்தனை ஏடுகள், கதையை வெளியிட்ட அளவுக்குப் பெரிய எழுத்தில் மறுப்பையும் வெளியிட்டன? வதந்தி முதற்பக்கத்தில் பிறக்கிறது. உண்மை உள்பக்கத்தில் ஒதுக்கப்படுகிறது.

இங்கே இன்னொரு செய்தியையும் மறைக்காமல் கூற வேண்டும். அவ்வழக்கே அமெரிக்க ஒற்றுத் துறை செய்த சதி என்று இப்போது பலர் கூறுகின்றனர். நம்பி நாராயணனும் அந்த ஐயத்தை வெளியிட்டதுண்டு. துன்புற்றவர் ஐயுறுவது இயல்பு, அதற்கு இரங்கலாம். ஆயினும் நாம் ஒரு கதைக்குக் கேட்ட சான்றை மறு கதைக்கும் கேட்க வேண்டும். நமக்குப் பிடித்த கதை என்பதனால் வதந்தி வரலாறாகிவிடாது. ஒருவரைக் காக்கும் வதந்தியை இன்று ஏற்றுக்கொண்டால், ஒருவரை அழிக்கும் வதந்தியை நாளை எவ்வாறு மறுப்போம்? சதி நடந்திருக்குமாயின், அதனை வெளிக்கொணரும் வழி விசாரணையும் ஆவணமுமே. சாயாக்கடைத் தீர்ப்பு அதற்கு உதவாது.

மாணவத் தோழர்களே, பழமொழிகளை நம் முன்னோர் அனுபவத்தால் எழுதினர். ஆயினும் புகை எல்லாம் அடுப்பிலிருந்தே வருவதில்லை. வேண்டுமென்றே மூட்டப்படும் புகையும் உண்டு. அதனுள் நின்று திருடுவோரும் உண்டு. ஆகவே புகழ்பெற்ற இருவரின் காதலை வல்லரசுகளின் சூழ்ச்சி என்று எவரேனும் கூறினால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சூழ்ச்சிக்கு ஆவணம் எங்கே? இக்கதை பரவுவதால் ஆதாயம் பெறுவோர் யார்? இக்கதையைப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் நாம் படிக்காமல் விட்ட ஒப்பந்தம், கேட்காமல் விட்ட சட்டம், தட்டிக் கேட்காமல் விட்ட அநீதி எவை?

மூன்றாவது கேள்வியே தலையாயது. சிக்கிமில் நாம் படிக்காமல் விட்டது ஒரு தேர்தல் முறையை. திருவனந்தபுரத்தில் தட்டிக் கேட்காமல் விட்டது ஒரு காவல் நிலையத்தை. பட்டம் பெற்று நாளை ஏடுகளிலும், நீதிமன்றங்களிலும், அலுவலகங்களிலும் அமரப் போகிறவர்கள் நாம். கதை கட்டும் எழுதுகோல் நம் கைக்கும் வரும். அன்று காதலரின் அகத்தை அவர்களுக்கே விட்டுவிடுவோம். புறத்தில் நமக்குப் பார்க்க வேண்டிய வேலை நிரம்ப இருக்கிறது.